மூலை ஜன்னல் திரைகள்

மூலை ஜன்னல் என்பது இரு சுவர்கள் சந்திக்கும் மூலையின் இரு புறமும் அடுத்தடுத்து அமையும் ஜன்னல்களைக் குறிக்கும். இவை இரு வேறு திசைகளைப் பார்ப்பதால் வெயிலும் காற்றும் இரண்டிலும் ஒரே அளவில் படுவதில்லை. எனவே இரண்டுக்கும் ஒரே நிறத் துணியைத் தொங்கவிட்டாலும், வெயில் மறைப்பை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

சூரியனின் பாதை

சங்கரன்கோவில் ஏறத்தாழ 9.2 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட நாட்களில் சூரியன் நாள் முழுவதும் வானின் வடபாதியிலேயே செல்லும். ஆகவே கத்திரி வெயில் காலத்தில் தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் படாது. வடக்கு ஜன்னலில் படும். மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழாகும். வடக்கு ஜன்னலுக்கு மறைப்பு தேவையில்லை என்பது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும், இவ்வூருக்குப் பொருந்தாது.

உச்சி வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் அதன் கீழே நுழைந்துவிடும். அதற்கே திரை தேவை.

நான்கு மூலைகள்

* வடமேற்கு (வாயு மூலை): கோடையில் மாலை வெயில் இரு பக்கமும் படும். செலவில் முதலிடம் இதற்கே தரலாம்.
* தென்மேற்கு (கன்னி மூலை): கோடையில் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் கனத்த மறைப்பு போதும். ஐப்பசி முதல் மாசி வரை தெற்குப் பக்கமும் மாலை வெயில் பெறும்.
* வடகிழக்கு (ஈசானிய மூலை): கிழக்குப் பக்கத்தில் காலை வெயில் மட்டுமே. மெல்லிய பருத்தித் துணி போதும். வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடிப்பதால் விரைவில் உலரும் துணி நல்லது.
* தென்கிழக்கு (அக்கினி மூலை): பெரும்பாலும் சமையலறை. அடுப்புக்கு அருகில் துணித்திரை தொங்கக் கூடாது. கண்ணாடியில் ஒட்டும் மங்கல் தாள் போதுமானது.

பொருள்

வெயில் கண்ணாடியைக் கடந்த பின் உட்புறத் திரை அதைத் தடுத்தாலும், வெப்பத்தின் ஒரு பகுதி அறைக்குள் தங்கிவிடும். வெளிப்புறம் தொங்கும் மூங்கில் தட்டி அதை வெளியிலேயே நிறுத்தும். வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள் இருந்தால், தட்டியை சன்ஷேடின் விளிம்பில், கதவு இடிக்காத தூரத்தில் கட்ட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுவதால், தட்டியின் அடிப்பகுதியைக் கொக்கியில் பிணைப்பது அவசியம்.

உட்புறத்துக்குப் பழைய பருத்திச் சேலையும் உதவும். 5.5 மீட்டர் சேலையில் 6 அடி நீளமுள்ள மூன்று துண்டுகள் கிடைக்கும்.

அளவும் பொருத்துதலும்

திரைக்கம்பி ஜன்னலின் வெளியோரத்தைத் தாண்டி அரை அடி நீள வேண்டும். மூலைப் பக்கம் நீட்ட இடமிராது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துத் திரையும் மூலையிலிருந்து விலகி வெளியோரத்தில் ஒதுங்கும்படி அமைக்க வேண்டும். துணியின் அகலம் கம்பி நீளத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கலாம். 4 அடி ஜன்னலுக்கு 4.5 அடி கம்பியும் அதிகபட்சம் 9 அடி அகலத் துணியும் தேவை. இரு கம்பிகளையும் எல்போ கொண்டு மூலையில் இணைக்கலாம்.

ரோலர் திரையானால் இரண்டும் மூலையில் மோதும். ஒன்றை மூலை வரை கொண்டு சென்று, மற்றதை அதன் உருளையின் தடிமன் அளவு முன்பே நிறுத்த வேண்டும். வெயில் அதிகம் படும் பக்கத்துத் திரையே மூலை வரை செல்வது நல்லது.

பாதுகாப்பு

திரையை ஏற்றி இறக்கும் தொங்கு கயிறு குழந்தைகளின் கழுத்தில் சிக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். இதனால் அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல், கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் திரைகளில் கைக்கெட்டும் கயிறு இருக்கக் கூடாது என்று தொழில்துறைத் தரம் திருத்தப்பட்டது. சிறுவர் உள்ள வீட்டில் கயிறில்லாத் திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கயிறு இருந்தால் சுவரில் உயரமாக ஆணி அடித்துச் சுற்றி வைக்க வேண்டும். கட்டில், தொட்டில், நாற்காலி ஆகியவற்றை அந்த மூலையில் போடக் கூடாது.