சூடேறும் தரையில் மட்டம் தவறிய டைல்ஸ்

டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழர்கள் குடியிருக்கும் வீடுகள் சிலவற்றில், பனிக்காலக் குளிருக்காக டைல்ஸுக்கு அடியில் வெப்பம் ஓடுகிறது. அங்கே டைல்ஸ் மட்டம் தவறினால் வெப்பத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இப்படிச் சூடேற்றுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிமெண்ட் தளத்துக்குள் குழாய் பதித்து 35 முதல் 45 டிகிரி வரை சூடான நீரை ஓடவிடுவது. மற்றது, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்கம்பியை வலையில் கோத்து விரிப்பது. சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட் மின்சாரம் போதும். ஒரு குளியலறைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் மின்கம்பிதான்.

சூடேறும் பொருள் விரியும். 3 மீட்டர் நீளத் தரை 15 டிகிரி சூடேறினால் பீங்கான் டைல்ஸ் கால் மில்லிமீட்டர் நீளும். கீழுள்ள சிமெண்ட் தளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். இந்த வித்தியாசத்தைத் தினமும் தாங்குவது நடுவிலுள்ள பசை. சாதாரணப் பசை விறைப்பானது, நாளடைவில் விட்டுவிடும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து ஒட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். சுவரோரம் இடைவெளி விடாமல் சிமெண்டால் அடைத்திருந்தால், விரிய இடமில்லாத டைல்ஸ் மேலே தூக்கிக்கொள்ளும். கம்பியின் மேல் சமன் கலவை ஊற்றாமல் நேரடியாக ஒட்டியிருந்தால் முதல் நாளே மேடு பள்ளம் வரக்கூடும்.

மரக்கட்டையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் பசை விட்டுவிட்டது. பிடிப்பு நன்றாக இருந்து, பக்கத்து டைல்ஸுடன் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் கை வைக்க வேண்டாம். தண்ணீர் வடிவதற்கான வாட்டத்தையும் குறையென்று நினைத்துவிடக் கூடாது.

பெயர்க்கத்தான் வேண்டும் என்றால், மின்கம்பித் தரையில் உளிக்கு முன்னால் மின்பணியாளர் வர வேண்டும். கம்பியின் மின்தடையை அளந்து, உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். தரையைச் சிறிது நேரம் சூடாக்கி வெப்பக் கேமராவில் பார்த்தால் கம்பி போகும் தடம் தெரியும். அதைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு மின்சாரத்தை முற்றிலும் துண்டிக்க வேண்டும்.

இணைப்புச் சாந்தை மெதுவாகச் சுரண்டி எடுத்தபின், டைல்ஸை நடுவில் உடைத்து ஓரம் நோக்கிப் பெயர்க்க வேண்டும். உளியைச் சாய்த்தே பிடிக்க வேண்டும். செங்குத்தாக இறங்கினால் கம்பி அறுந்துவிடும். நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்திருந்தால் அப்போதே சரிசெய்ய வேண்டும். பள்ளத்தைச் சூட்டுத் தரைக்கான சமன் கலவையால் நிரப்பி, வளைந்து கொடுக்கும் எஸ்1 வகைப் பசையைப் பல்கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் பூசி அழுத்த வேண்டும். சுவரோர இடைவெளிக்குச் சிலிகோன்தான் சரி. சாந்து பூசுவதற்கு முன் மின்தடையை மறுபடி அளக்க வேண்டும்.

பசை இறுகும்வரை சூட்டைப் போடக் கூடாது. எத்தனை நாள் என்பது பசைப் பையிலோ தயாரிப்பாளரின் குறிப்பிலோ இருக்கும். பிறகும் நாளுக்குச் சில டிகிரியாகத்தான் ஏற்ற வேண்டும்.

புதிதாக இத்தகைய தரை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கம்பியை விரித்ததும், டைல்ஸ் மூடுவதற்கு முன், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து உத்தரவாத அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் பழுது பார்க்க வரும் கொத்தனாருக்கு அந்தப் படம் பேருதவியாக இருக்கும்.