ஹீமோகுளோபின் அறிக்கையின் சிகரங்கள் சொல்வது என்ன?

கருவுற்ற பெண்களுக்கும், இரத்தசோகை நீங்காத குழந்தைகளுக்கும் 'எச்.பி.எல்.சி.' எனும் பரிசோதனையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. அதன் அறிக்கையில் மலைத்தொடர் போன்ற வரைபடமும் சில விழுக்காடுகளும் இருக்கும். அவற்றைக் கண்டு கலங்கும் குடும்பத்தினருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இப்பரிசோதனை தேடும் நோய்கள் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. நமக்கு அண்டையிலுள்ள நீலகிரியின் மலைவாழ் மக்களிடையே அரிவாள் அணு மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகியோர் 1952-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் இலக்குடன் நடுவண் அரசு 2023 ஜூலை 1 அன்று தேசிய இயக்கமொன்றைத் தொடங்கியது. தலசீமியாவோ எந்தச் சமூகத்திலும் காணப்படக்கூடியது.

கருவி செய்வது

நீர்த்த இரத்த மாதிரி, நுண்துகள்கள் நிரம்பிய ஒரு குழல் வழியே உயர் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒன்றாகப் புறப்பட்ட வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூரை வெவ்வேறு நேரத்தில் அடைவது போல, ஹீமோகுளோபின் வகைகளும் தனித்தனி நேரத்தில் வெளியேறுகின்றன. அவற்றை ஒளி உணரி பதிவு செய்ய, மென்பொருள் சிகரங்களாக வரைகிறது. சிகரம் தோன்றும் நேரத்தைக் கொண்டு வகையையும், அதன் பரப்பைக் கொண்டு அளவையும் அது கணக்கிடுகிறது.

மென்பொருளின் எல்லை

ஒரே நேரத்தில் வெளிவரும் இரு வகைகளை மென்பொருளால் பிரித்தறிய இயலாது. எடுத்துக்காட்டாக, 'இ' வகை பெரும்பாலும் 'ஏ2' வகைக்குரிய இடத்திலேயே தோன்றும். பொதுவாக ஏ2 அளவு 3.5 விழுக்காட்டுக்குள் இருக்கும். பீட்டா தலசீமியா கடத்திகளிடம் சற்றே உயரும். அவ்விடத்தில் 25 அல்லது 30 என அச்சாகியிருந்தால், வல்லுநர் 'இ' வகையை ஐயுற்று வேறொரு முறையில் உறுதி செய்வார். இரும்புச்சத்துக் குறைபாடு ஏ2 அளவைக் குறைத்துக் காட்டலாம். பச்சிளங்குழந்தைகளிடம் 'எஃப்' வகை மிகுந்திருப்பது இயல்பே. ஆகவே, எண்ணை மட்டும் கொண்டு முடிவுக்கு வரலாகாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கடந்த மூன்று மாதங்களுக்குள் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் தவறாது தெரிவியுங்கள். கொடையாளரின் இரத்தம் கலந்திருப்பின் முடிவு பிறழும்.

• வயது, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கூறுங்கள். முந்தைய அறிக்கைகளையும் உடன் கொண்டுவாருங்கள்.

• நீரிழிவு உள்ளவர்கள், தமக்கு மாறுபட்ட ஹீமோகுளோபின் இருப்பதாக அறிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வேளைகளில் மூன்று மாதச் சர்க்கரை அளவு அதனால் பிழையாகத் தோன்றலாம்.

கணவருக்கும் பரிசோதனை ஏன்?

கடத்தியாக இருப்பது நோயன்று; அவர்களுள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆயினும், கணவன் மனைவி இருவரும் ஒரே நோயின் கடத்திகளாயின், ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே, மனைவியின் அறிக்கையில் மாற்றம் தெரிந்தால், நாள் கடத்தாமல் கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுகிறோம். கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே இது தெரிந்தால், மரபியல் ஆலோசனை பெற்று அமைதியாக முடிவெடுக்கக் குடும்பத்துக்குக் காலம் கிடைக்கும்.