நீங்க டாக்ஸ் கட்டினா அப்பாவோட 2,000 ரூபாய் நின்னுடுமா?

உங்களுக்கு சென்னையில வேலை, சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிறாங்க. நன்னிலம் பக்கம் அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு. நாலு மாசத்துக்கு ஒருமுறை அவர் கணக்குல பிஎம் கிசான் பணம் 2,000 ரூபாய் ஏறுது, வருஷத்துக்கு 6,000. "நான் வரி கட்டுறதால அது நின்னுடுமா சார்?" டெல்டா பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வி இது.

நிற்காது. இந்தத் திட்டத்துல குடும்பம்னா கணவன், மனைவி, 18 வயசு ஆகாத பிள்ளைங்க, அவ்வளவுதான். நீங்க கட்டுற வரி அப்பாவோட தகுதியைத் தொடாது. ஆனா அம்மா வரி கட்டினாலோ, ரிட்டயர்டு டீச்சரா மாசம் 10,000 ரூபாய்க்கு மேல பென்ஷன் வாங்கினாலோ அப்பாவுக்கும் கிடையாது. (பதிவு பண்ணித் தொழில் செய்யற டாக்டர், வக்கீல், சிஏ குடும்பங்களுக்கும் இல்லை. எனக்கு ஒரு மா நிலம் இருந்தாலும் இந்தப் பணம் வராது!)

நிஜமான சிக்கல் பட்டாவுலதான் வரும். 2019 பிப்ரவரி 1 அன்னைக்கு நிலம் யார் பேர்ல இருந்துச்சுங்கறதுதான் கணக்கு. "எதுக்கும் இப்பவே உன் பேருக்கு எழுதி வச்சிடறேன்"னு அப்பா செட்டில்மென்ட் பத்திரம் போட்டுக் கொடுத்தா, அவர்கிட்ட நிலம் இல்லாததால அவருக்கு நிக்கும். அந்தத் தேதிக்கு அப்புறம் வாங்கினவர்ங்கறதால உங்களுக்கும் வராது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும்தான் விலக்கு. எழுதி வைக்க வேண்டாம்னு சொல்லல, அதுக்கு வேற நல்ல காரணங்கள் இருக்கலாம். இந்த 6,000 போகும்னு தெரிஞ்சே செய்யுங்க.

அப்பா தவறிட்டா, அவர் கணக்குல தொடர்ந்து ஏறுற தவணையை ஏடிஎம்ல எடுத்துச் செலவு பண்ணாதீங்க. அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம், பிஎம் கிசான் தளத்துலயே அதுக்கு வழி இருக்கு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாத்தி, அம்மா பேர்ல புதுசா விண்ணப்பிக்கணும். 2020-ல தமிழ்நாட்டுல தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் கணக்குக்கு 110 கோடி ரூபாய் போய், சிபிசிஐடி விசாரணை வரைக்கும் ஆச்சு. அதனால ஆதார், இகேஒய்சி, வருமான வரி டேட்டான்னு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்கறாங்க. "யாரு கேக்கப் போறா"ங்கற காலம் முடிஞ்சுது.

இன்னொரு விஷயம். உங்க வயல்ல உழறது யாரு? பல வீடுகள்ல அது குத்தகைக்காரர்தான். அவருக்கு இந்தப் பணத்துல ஒரு பைசா கிடையாது, ஏன்னா இது பட்டாவுக்கு வர்ற பணம். கோயில், மடத்து நிலம்னா இன்னும் மோசம்: நிறுவனங்களுக்குத் தகுதி இல்லை, குத்தகைதாரருக்கும் இல்லை, ஆக யாருக்கும் இல்லை. தெலங்கானாவுல 2018-ல வந்த ரைத்து பந்துவும் நில உரிமையாளருக்குத்தான். ஒடிசாவோட காலியா திட்டம் நிலமில்லாத சாகுபடியாளரையும் சேர்த்துச்சு. அதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

ஆனா பயிர்க் காப்பீட்டுல குத்தகைதாரர் சேரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம். அதுக்கு சாகுபடி பண்றவர் பேர்ல விஏஓ கொடுக்கற அடங்கல் வேணும். இங்கதான் நம்ம வீட்டுப் பெரியவங்க தயங்குவாங்க. அடங்கல்ல பேர் ஏறினா நாளைக்கு உரிமை கேப்பாரோங்கற பயம். குத்தகைச் சட்டங்கள் இருக்கற ஊர்ல அந்தப் பயத்தை முட்டாள்தனம்னு தள்ளிட முடியாது. ஆனா அதோட விலையைக் கட்டறது அவர்தான். ஐப்பசி கார்த்திகை மழையில பயிர் மூழ்கினா விதை, உரம், ஆள்கூலி எல்லாம் அவர் போட்ட காசு. இழப்பீடு வர்றது உங்க அப்பா கணக்குக்கு. அந்தப் பணத்தை வீட்டுல வச்சுக்கறது நியாயமில்லை.

சம்பா காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவுல வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்பவே அப்பாகிட்டயும் அவர்கிட்டயும் உட்கார்ந்து பேசிடுங்க.