டியர் சஹானாவும் எங்க ஊர் ஆர்மோனியமும்

ஆரணியில் எங்கள் தெருவில் எந்தப் பாட்டாக இருந்தாலும் முதலில் தறியிடம் பாஸாக வேண்டும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, மிதியை அமுக்கி, நாடாவை விட்டு, பலகையை இழுத்து அடிக்கிறபோது வரும் சத்தம் காதுக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி அட்டையைப் புரட்டிப் போடும் சத்தம் தனி. எதிர் வீட்டில் விசைத்தறி வேறு. இதற்கு நடுவில் மிருதங்கம் கேட்காது. வீணை சுத்தமாகக் கேட்காது. குரல் கேட்கும், அதுவும் மேல் ஸ்தாயிக்குப் போகிற குரல் மட்டும். டி.எம்.எஸ். நிற்பார். சுசீலா அம்மா நிற்பார். ஜேசுதாஸ் அடிக்குரலில் இழைக்கிற இடமெல்லாம் பலகை அடியில் நசுங்கிப் போகும், பாவம்.

சித் ஸ்ரீராம் நிற்கிறார். அதனால்தான் அவரைப் பிடித்தது என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். "ஏம்மா, பாட்டை இப்படியா செலக்ட் பண்ணுவாங்க?" நாளைக்குப் பத்து மணி நேரம் தறியில் உட்காருகிறவள் வேறு எப்படிச் செலக்ட் பண்ணுவாள்?

முதலில் கேட்டது 'கடல்' படத்து 'அடியே'. 2013இல் வந்த படம், ஏ.ஆர்.ரகுமான் இசை. வேலூர் போகிற பஸ்ஸில் போட்டார்கள். பாடுகிறது நம்ம ஊர்ப் பையனா, வெள்ளைக்காரப் பையனா என்று புரியவில்லை. மாதா கோயிலில் கூட்டமாகப் பாடுவது போல ஒரு எடுப்பு, ஆனால் குரல் வளைகிற வளைவு நம்முடையது. பிறகு 'என்னோடு நீ இருந்தால்', 'தள்ளிப் போகாதே', 'மறுவார்த்தை' என்று வரிசையாக வந்தன. 'மறுவார்த்தை' வந்தபோது இசையமைப்பாளர் யாரென்றே சொல்லாமல் மறைத்து வைத்தார்கள். தர்புகா சிவா என்று தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. 'விஸ்வாசம்' படத்துக் 'கண்ணான கண்ணே' எங்கள் தெருவில் ஒலிக்காத காதுகுத்து கிடையாது.

அவரைப் பற்றி மகள்தான் சொன்னாள். 1990இல் சென்னையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே பெற்றோருடன் அமெரிக்கா போய், கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் வளர்ந்தார். அம்மா லதா ஸ்ரீராம் அங்கே கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர். முதல் பாடம் அம்மாவிடம், அப்புறம் பி.எஸ்.நாராயணசாமி என்ற பெரிய வித்வானிடம். வீட்டுக்கு வெளியே பள்ளிக்கூடம், நண்பர்கள், ரேடியோ எல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு. அதற்கு ஆர் அண்ட் பி என்று பெயராம். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே சினிமாவில் பாட வந்தார். மார்கழி வந்தால் சென்னை சபாக்களில் ஜிப்பா வேட்டியோடு முழுக் கச்சேரியும் பாடுகிறார்.

இப்போது எழுத வந்தது 'சித்தார்த்' என்ற ஆல்பத்தைப் பற்றி. 2023 ஆகஸ்ட் 25இல் வெளியானது. படத்துக்காகப் பாடியதில்லை, அவருடைய சொந்தப் பாட்டுகள், இங்கிலீஷில். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் ரயன் ஓல்சன் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தது. வெளியிட்டது டெஃப் ஜாம், 1984இல் தொடங்கி ராப் பாட்டுகளால் பெயர் வாங்கிய கம்பெனி. 2019இல் 'என்ட்ரபி' என்று ஒன்று செய்திருந்தார். அது என்னிடம் ஒட்டவில்லை. இது ஒட்டியது. ஒட்டியதற்கு நஷ்டமும் கொடுத்தேன்.

மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது போனில் ஏற்றி, காதில் மாட்டுகிற வயரையும் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை தறியில் 'தி ஹார்ட் வே' கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் குரல் ஏறி, நிற்குமென்று நினைக்கிற படியில் நிற்காமல் இன்னும் ஒரு படி போகிறது. அதைக் கேட்கத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளினேன். சேலையின் உடலில் ஒரு பாவு இழை அறுந்ததைப் பார்க்கவில்லை. நாலு விரல் அகலம் நெய்த பிறகுதான் கை தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன், பட்டு பிசிறிப் போனதுதான் மிச்சம். சேலை கொடுக்கிற இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கூலியில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயரை மட்டும் எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார்.

நான் பத்தாவது வரை படித்தவள். அந்தப் பாட்டுகளில் பாதிச் சொல் பிடிபடவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. உண்மையைச் சொன்னால், தமிழில் பாடும்போதும் சில இடங்களில் அவர் வாயில் சொல் கரைந்துவிடுகிறது. வரியை எழுத்தில் பார்த்த பிறகுதான், ஓ, இதுவா என்று தோன்றும். ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. தமிழ்ப் பாட்டில் எனக்கு இது குறைதான், ரசிகை என்பதற்காக மறைக்க மாட்டேன். இங்கிலீஷ் ஆல்பத்தில் அந்த மனக்குறை எழ வழியே இல்லை. குரலோடு மட்டும் போகலாம்.

குரலோடு போனபோது ஒன்று தட்டியது. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எங்கே என்று நினைவுக்கு வர ரெண்டு நாள் ஆயிற்று. கூத்தில். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். அம்மா வீட்டுக்குப் பக்கத்து ஊரில் பாய் எடுத்துக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். செய்யாறு பக்கம் புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை என்றால் வெளிநாட்டிலெல்லாம் தெரியும். நான் சொல்வது பெயர் தெரியாத ஊர்க் குழுக்களை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்க வேண்டும் என்று உச்சத்தில் பாடிப் பழகிய குரல்கள். திரௌபதி வேஷம் கட்டிய ஆண், சபையில் நின்று கிருஷ்ணனைக் கூப்பிட்டு அழுகிற இடத்தில், குரல் மேலே போய்ப் பிளந்து, பிளந்த இடத்திலேயே ஆடிக்கொண்டு நிற்கும். சித் ஸ்ரீராம் மேலே போய் நிற்கிற இடத்தில் எனக்குக் கேட்டது அதுதான்.

குரல் மட்டுமில்லை, அதற்குக் கீழே இருப்பதும் ஒன்றுதான். கூத்தில் பாட்டுக்குக் கீழே ஆர்மோனியம் ஓடும். வெள்ளைக்காரன் நாட்டுப் பெட்டி அது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒரு சத்தம். ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவில் அதற்கு வழி கிடையாது. நம்முடைய பாட்டோ அந்த நடு இடத்தில்தான் குடித்தனம் பண்ணுகிறது. அதைத்தான் கமகம் என்கிறார்கள். ஒரு ஸ்வரத்தை நேராக நிறுத்தாமல், மேலே கீழே இருக்கிற ஸ்வரங்களை உரசி உரசி ஆட்டுவது. 'க' என்று எழுதியிருக்கும். பாடும்போது அது ஒரு புள்ளியாக இருக்காது, ஒரு அசைவாக இருக்கும். இதனால்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டது. அந்தத் தடை தளர 1971 வரை ஆயிற்று. கூத்துக்காரர் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டி கட்டைக்குக் கட்டை நேராகப் போகும், பாடுகிறவர் அதன் தலைமேல் வளைந்து வளைந்து போவார். அந்த இழுபறியில்தான் கூத்துப் பாட்டின் ருசியே இருக்கிறது.

'சித்தார்த்' ஆல்பத்திலும் நடப்பது இதுதான் என்று என் கட்சி. கீழே கீபோர்டும் கம்ப்யூட்டர் தாளமும் கட்டை கட்டையாகப் போகின்றன. மேலே குரல் வளைகிறது. கறுப்பின மக்களின் பாட்டிலும் ஒரு சொல்லை இழுத்துப் பல ஸ்வரத்தில் ஓடவிடுகிற வழக்கம் உண்டு. காது கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். அதில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் காலில் படும், எவ்வளவு வேகமாக இறங்கினாலும். கமகத்தில் படியே தெரியாது. இவர் ஒரே மூச்சில் பாதி தூரம் அப்படி, பாதி தூரம் இப்படி இறங்குகிறார். எங்கே மாறினார் என்று கண்டுபிடிக்கத்தான் நான் அன்றைக்குப் பாட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தது, 300 ரூபாய் போனது.

இதைப் பெரிய புதுமை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முத்துசுவாமி தீட்சிதர் பையனாக மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளில் சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டேதான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு வந்தார். இப்போது வயலின் இல்லாமல் கச்சேரி மேடை ஏது? நடந்து 200 வருஷத்துக்கு மேலாகிறது.

ஆல்பம் முழுதும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் குரல்மேல் குரலாக அடுக்கி, தனிக்குரல் எது என்று தெரியாமல் பண்ணிவிட்டார்கள். பட்டில் ஜரிகையை அள்ளிப் போட்டால் சேலை நிற்கும், உடுத்த முடியாது. 'டூ தி டான்ஸ்' பாட்டை மகள் ரொம்பச் சிலாகித்தாள். எனக்கு அது வயசுப் பிள்ளைகள் சமாச்சாரம்.

ஆனால் 'டியர் சஹானா'. சஹானா என்றால் யாரோ பெண் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவிலேயே ரெண்டு சஹானா இருக்கிறார்கள், இரண்டும் எல்.கே.ஜி. அது ஒரு ராகத்தின் பெயர் என்று சொன்னது மாமா. என் மாமனாரின் தம்பி, 78 வயது, கண் மங்கித் தறியை விட்டவர். மார்கழி மாதம் பஜனைக் கோயில் கோஷ்டியில் இன்றைக்கும் அவர்தான் முதல் குரல். தியாகராஜரின் 'வந்தனமு ரகுநந்தன' சஹானாதான், வருஷா வருஷம் பாடுகிறோமே என்றார். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று 'வீர அபிமன்யு' படத்துப் 'பார்த்தேன் சிரித்தேன்' பாட்டைச் சொன்னார். அப்புறம் 'அழகே சுகமா'. அட, இவ்வளவு நாள் தெரியாமலே கேட்டிருக்கிறேன். ஹரிகாம்போஜியின் பிள்ளை அந்த ராகம். நேராக ஏறி நேராக இறங்காது, போன இடத்துக்கே ஒருதரம் திரும்பி வந்துவிட்டுத்தான் இறங்கும். அதில் ஒரு கெஞ்சல் இருக்கும், கோபமில்லாத மனத்தாங்கல் மாதிரி.

மாமா அந்தப் பாட்டைக் கேட்ட நாள்தான் நான் இந்த ஆல்பத்தையே முழுதாகக் கேட்ட நாள். தறியில் மூணு சேலைப் பாவு முடிந்து புதுப் பாவு வந்திருந்தது. பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ரெண்டு நுனியையும் எடுத்துத் திருகி மடக்கிவிடுவது. முடிச்சு கிடையாது, திருகல்தான். பட்டு விரலுக்கு வழுக்கும், சாம்பல் பிடித்துக்கொள்ளும். பிணைக்கிறபோது தறி பேசாது. அன்றைக்கு மத்தியானம் மின்சாரமும் இல்லை, எதிர் வீட்டு விசைத்தறியும் நின்றிருந்தது. அலமாரி மேலிருந்த வயரை எடுக்காமல் போனை அப்படியே திண்ணையில் வைத்துப் போட்டேன்.

இத்தனை நாள் தறி முழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. குரலுக்கு அடியில் ஒரு கனமான சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, நிலத்துக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி. அவர் கிசுகிசுவென்று பாடுகிற இடங்கள் அத்தனை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. உச்சத்தில் நிற்கிறார் என்றுதான் அவரைப் பிடித்தது. அன்றைக்குக் கேட்டவர் வேறு ஆள். வாய்க்குள்ளேயே தயங்கிப் பாடிவிட்டு, முடியாமல் மேலே போகிறவர். மேலே போவதற்குக் காரணம் கீழே இருந்திருக்கிறது.

மாமா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். தாளம் போடப் பார்த்து விட்டுவிட்டார். பாட்டு முடிந்தது.

"இன்னா மாமா, சஹானா இருக்குதா?"

"பேரை வெச்சிருக்கான். இரு... நடுவுல ஒரு இடத்துல வந்தா மாதிரி இருந்துச்சி. வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா."

"அப்போ இல்லைன்றீங்களா?"

"இல்லைன்னு யார் சொன்னது? எனக்குச் சரியா கேக்கல. நீ அந்தச் சாம்பக் கையோட வாணாம், கையைத் துடைச்சுக்கினு இன்னொரு தபா போடு."

கையைத் துடைத்தேன். இழை முந்நூறு மிச்சம் இருந்தது.