மலைமுகட்டில் மான் வேட்டை

லிங்கராஜபுரத்தில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் விடுமுறை வந்தால் உதகைக்குப் புறப்படுவது வழக்கம். பந்திப்பூர்க் காட்டில் வண்டி நுழைந்ததும், “மான்! மான்!” என்று கூச்சல் எழும். பெரும்பாலும் அது புள்ளிமான்தான். அதைப் போல் இருமடங்குக்கும் மேல் எடையுள்ள கடமானைக் கண்டவர் சிலரே.

ஆங்கில நூல்களில் ‘எல்க்’ என்று படிக்கிறோம். ஐரோப்பாவில் அச்சொல் ஒரு விலங்கையும், அமெரிக்காவில் வேறொன்றையும் குறிக்கும். இலங்கைக்கு வந்த வெள்ளையரோ நம் கடமானையே ‘எல்க்’ என்றனர்! ஈழத் தமிழர் அதனை ‘மரை’ என்பர். கன்னடத்தில் அது ‘கடவெ’.

நீலகிரியின் உச்சியில் சோலையும் புல்வெளியும் மாறிமாறிக் கிடக்கும். பகலில் கடமான் சோலை நிழலில் படுத்திருக்கும். அந்தி சாய்ந்ததும் புல்வெளிக்கு மேய வரும். விடிந்ததும் சோலைக்குத் திரும்பும். ஆகவே வேட்டைக்காரனுக்குக் கிடைப்பது காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே.

அந்த நேரத்திலும் அவனுக்குப் பகை காற்றுதான். கடமானின் பார்வையைவிட அதன் மூக்கு கூர்மையானது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்கும். அப்போது மானுக்குக் கீழேயிருந்து ஏற வேண்டும். வெயில் ஏறச் சரிவு சூடாகிக் காற்று மேலெழும். அப்போது மேலேயிருந்து இறங்க வேண்டும். இதை மறந்தவனின் வாடை அவனுக்கு முன்னே போய்ச் சேரும். மான் வாலைத் தூக்கி, முன்காலால் நிலத்தை உதைத்து, மலையே அதிரக் குரல் கொடுக்கும். அத்துடன் அன்றைய வேட்டை முடிந்தது!

இலங்கையில் வேறு முறையும் இருந்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்தார். வேட்டைநாய்களை ஏவி மரையை ஓட்டுவார். அது ஓடைநீரில் இறங்கி எதிர்த்து நிற்கும். கத்தியால் குத்திக் கொல்வார். ஓர்ட்டன் சமவெளியில் உள்ள அருவி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்படி வகைதொகையின்றிக் கொன்றதால் மலைகள் வெறுமையாகத் தொடங்கின. கொன்றவர்களே கவலைப்பட்டார்கள். 1877-இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் வந்தது. வேட்டைக்கு ஆகாத பருவம் குறிக்கப்பட்டது. உரிமம் வேண்டும் என்றானது.

இதனால் மான் பிழைத்தது உண்மை. ஆனால் யாருக்காகப் பிழைத்தது? கட்டணம் செலுத்தித் துப்பாக்கி ஏந்தியவன் ‘விளையாட்டு வீரன்’; தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துக் குடும்பத்தின் பசியாற்றிய மலைவாசி ‘திருடன்’. காட்டைக் காக்கும் சட்டம் பேசும்போது இந்தக் கசப்பையும் நாம் மறத்தல் ஆகாது.

விடுதலைக்குப் பின் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1991-இல் அது திருத்தப்பட்டபோது உரிமம் பெற்று ஆடும் வேட்டையும் மறைந்தது. முக்குருத்தி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஓர்ட்டன் சமவெளி 1988-இலேயே ஆகிவிட்டது. அங்கே துப்பாக்கி நுழையாததால் மரைகள் அச்சமின்றி மேய்கின்றன. ஆயினும் உலகளவில் கடமான் அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் 2008-இல் சேர்க்கப்பட்டுவிட்டது.

நண்பர்களே! துப்பாக்கி நம் கையில் இல்லை. ஆனால் வண்டி இருக்கிறது, பணம் இருக்கிறது. வழியில் எவரேனும் மறைவாக, “மான் கறி வேண்டுமா, தம்பி?” என்று கேட்டால், வாங்குபவனும் வேட்டைக்காரனே, சட்டத்தின் முன்னும் குற்றவாளியே. பந்திப்பூர்ச் சாலையில் 2009-இல் இரவுப் போக்குவரத்து தடுக்கப்பட்டதும் இவ்வுயிர்கள் சக்கரத்தில் மடியாதிருக்கத்தான். பகலில் பறக்கும் வண்டிக்கும் அந்த நியாயம் பொருந்தாதா?

வேட்டைக்காரனிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவனுடைய பொறுமை, காற்றறியும் அறிவு, ஓசையின்றி நிற்கும் அடக்கம். அவற்றை எடுத்துக்கொள்வோம், துப்பாக்கியை விட்டுவிடுவோம். அடுத்த முறை கடமான் நம்மைப் பார்த்துக் குரல் கொடுக்காமல் மேயுமானால், அதுவே நமக்குக் கிடைத்த பரிசு.