மூன்றரையும் நாலரையும்: பந்தயப் பலகையின் எண் எப்படிப் பிறக்கிறது?

1979 ஜனவரி 21, மயாமி. அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 35, டாலஸ் கவ்பாய்ஸ் 31. லாஸ் வேகாஸ் பந்தய நிலையக்காரர்கள் அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். பிட்ஸ்பர்க் மேல் கட்டியவர்களில் பலருக்கும் பணம், டாலஸ் மேல் கட்டியவர்களில் பலருக்கும் பணம். இரு பக்கமும் எப்படி ஜெயிக்க முடியும்? விடை ‘பாயின்ட் ஸ்பிரெட்’ என்ற எண்ணில் இருக்கிறது.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், யார் வெல்வார் என்று மட்டும் பந்தயம் வைத்தால் எல்லாரும் பலமான அணியின் பக்கமே சாய்வார்கள். ஆகவே அந்த அணியின் தலையில் ஒரு சுமையை ஏற்றுகிறார்கள். ‘பிட்ஸ்பர்க் -3.5’ என்றால் அது 4 புள்ளியாவது கூடுதலாக எடுத்து வென்றால்தான் பணம். ‘டாலஸ் +3.5’ என்றால் டாலஸ் 3 புள்ளியில் தோற்றாலும் அதன்மேல் கட்டியவருக்குப் பணம் உண்டு. அரைப் புள்ளி வைப்பது சமன் வராமல் இருக்க. முழு எண்ணாக இருந்து வித்தியாசமும் அதுவாகவே அமைந்தால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எண்ணைக் குறிப்பவர் முதலில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பல மதிப்பீடு வைத்திருப்பார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்குச் சிறு சலுகை சேர்ப்பார். அது முன்பு 3 புள்ளி என்பது வழக்கம். இப்போது அதற்கும் குறைவு. பிறகு காயம், காற்று, மழை. பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆடவில்லை என்றாலே எண் பல புள்ளிகள் இறங்கிவிடும்.

இந்த ஆட்டத்தில் எல்லா எண்ணும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. டச் டவுனுக்கு 6, கூடுதல் உதைக்கு 1, ஆக 7. அதனால் ஆட்டங்கள் 3, 7 வித்தியாசத்தில் அடிக்கடி முடிகின்றன. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று சரியாக 3 புள்ளியில் தீர்கிறது. ஆகவே ஸ்பிரெட்டை 2.5-இலிருந்து 3.5-க்கு நகர்த்துவது பெரிய விஷயம், 8.5-இலிருந்து 9.5-க்கு நகர்த்துவது அவ்வளவு இல்லை. 3-இல் நிற்கும் எண்ணைத் தொடத் தயங்கும் பந்தய நிலையம், எண்ணை விட்டுவிட்டுக் ஜெயிக்கக் கட்ட வேண்டிய தொகையைத்தான் முதலில் ஏற்றிப் பார்க்கும்.

பலகையில் எண் ஏறியதும் பணம் பேச ஆரம்பிக்கிறது. 1979-இல் பிட்ஸ்பர்க் 3.5-இல் தொடங்கியது. அதன்மேல் பணம் குவியவே, டாலஸ் பக்கம் ஆள் இழுக்க 4.5 ஆக்கினார்கள். வித்தியாசம் சரியாக 4 வந்தது. முதலில் பிட்ஸ்பர்க் மேல் கட்டியவரும், பின்னால் டாலஸ் மேல் கட்டியவரும், இரண்டையும் செய்த கெட்டிக்காரரும் பணம் வாங்கிப் போனார்கள்.

ஸ்பிரெட்டை நிபுணர் சொல்லும் ஆரூடமாக எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் தடுக்கி விழும் இடம். அது ஒரு விலை. இரு பக்கமும் பணத்தைச் சமமாக்குவதே அதன் ஒரே நோக்கம் என்பதும் முழு உண்மையல்ல. பலமான அணியின் மேல் மக்களுக்குள்ள மோகத்தை அறிந்து, அதற்கேற்ப எண்ணைச் சற்றே சாய்த்து வைத்து நிலையங்கள் லாபம் பார்க்கின்றன என்று பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2004-இல் வெளியான ஆய்வில் காட்டினார்.

2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான மத்தியத் தடையை ரத்து செய்தபின் பல மாநிலங்களில் பந்தயம் கைபேசிக்கே வந்துவிட்டது. திரையில் எண்ணின் பக்கத்தில் சிறிதாக ‘-110’ என்று இருக்கும். 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும் என்று பொருள். என் கருத்தில் ஸ்பிரெட்டைவிட முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். 100 பந்தயத்தில் சரிபாதி ஜெயித்தவருக்கு வரவு 5,000 டாலர், இழப்பு 5,500. கைக்காசு போகாமல் இருக்கவே 100-க்கு 53 முறை சரியாகச் சொல்லியாக வேண்டும்.