வாகன உத்தரவாத மறுப்பு

வாகன உத்தரவாத மறுப்பு என்பது, உத்தரவாதக் காலத்திற்குள் மகிழுந்திலோ பிற மோட்டார் வாகனத்திலோ ஏற்பட்ட பழுதைக் கட்டணமின்றிச் சீர்செய்து தர உற்பத்தியாளரோ விற்பனை முகவரோ மறுப்பதைக் குறிக்கும். சிறு உதிரிப்பாகங்களில் இம்மறுப்பு பெரும் இழப்பாவதில்லை. பொறி முழுவதும் செயலிழந்தால் நிலைமை வேறு. புதிய பொறியின் விலையும் பொருத்துகூலியும் சேர்ந்து, சில ஆண்டுகள் ஓடிய வாகனத்தின் சந்தை விலையையே நெருங்கிவிடக்கூடும். இத்தகைய பூசல்களில் பழுது உள்ளதா என்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. அது எதனால் ஏற்பட்டது என்பதே கேள்வியாகும்.

இந்தியாவில் இப்பூசல்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் தீர்க்கப்படுகின்றன. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த இச்சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது இதன் முக்கியமான மாற்றங்களுள் ஒன்று. எனவே தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் வசிக்கும் ஒருவர், வாகனத்தைச் சேலத்திலோ பெங்களூரிலோ வாங்கியிருந்தாலும், தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக இயலும்.

பழுதும் அதன் காரணமும்

பொறியின் உள்ளே கிராங்க் தண்டும் அதனைப் பிஸ்டனுடன் பிணைக்கும் இணைப்புத் தண்டும் நேரடியாக உரசிக்கொள்வதில்லை. அவற்றுக்கு இடையே மெல்லிய பேரிங் தகடுகளும், அழுத்தத்துடன் செலுத்தப்படும் எண்ணெய்ப் படலமும் உள்ளன. இப்படலம் அறுபட்டால் உலோகம் உலோகத்துடன் உரசிச் சூடேறி, இறுதியில் தண்டு இறுகிவிடும். இதனையே மெக்கானிக்குகள் ‘இன்ஜின் சீஸ்’ ஆகிவிட்டது என்பர்.

எண்ணெய்ப் படலம் அறுபடுவதற்கு உரிமையாளரின் கவனக்குறைவும் காரணமாகலாம்; உற்பத்திக் குறையும் காரணமாகலாம். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிடில் அது கெட்டியாகிக் குழாய்களை அடைக்கும். ஆலையில் கிராங்க் தண்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள் முழுமையாக நீக்கப்படாமல் எண்ணெய்த் துளையில் தங்கினாலும் அதே அடைப்பு ஏற்படும். தேய்ந்த பேரிங் தகட்டை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

இரண்டாவது காரணத்திற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட ஹூண்டாய் சொனாட்டா ஆகும். அதன் ‘தீட்டா 2’ வகைப் பொறிகளில் இத்தகைய உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்பதால் 2015 இல் சுமார் 4,70,000 வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பின்னர் தொடரப்பட்ட கூட்டு வழக்குகளின் விளைவாக, அப்பொறிகளின் குறிப்பிட்ட பாகங்களுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அளிக்க நிறுவனம் 2019 இல் உடன்பட்டது. ஒரு தனி உரிமையாளரின் பொறியை மட்டும் ஆராய்ந்தால் ‘பராமரிப்புக் குறைவு’ என்று தோன்றக்கூடியது, பல்லாயிரம் பொறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வேறாகத் தெரிந்தது.

மறுப்புக்குக் கூறப்படும் காரணங்கள்

குறித்த கால இடைவெளியில் பராமரிப்புச் செய்யாமை, பரிந்துரைக்கப்படாத எண்ணெய், எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னும் ஓட்டியமை, பொறிக்குள் நீர் புகுந்தமை, அங்கீகாரமற்ற பணிமனையில் பழுது பார்த்தமை ஆகியவை வழக்கமாகக் கூறப்படும் காரணங்களாகும்.

இவற்றுள் கடைசிக் காரணம் சிற்றூர்களையே மிகுதியாகப் பாதிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகள் பெரும்பாலும் நகரங்களில் அமைந்திருக்க, வட்டத் தலைநகர்களிலும் கிராமங்களிலும் எண்ணெய் மாற்றுவது போன்ற வேலைகளை உள்ளூர் மெக்கானிக்கிடம் செய்துகொள்வது இயல்பு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகத்து 25 அன்று 14 மகிழுந்து உற்பத்தியாளர்களுக்கு எதிராக வழங்கிய ஆணையில் இந்நிலையைக் கருத்தில் கொண்டது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்ப்புத் தகவல்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்தமைக்காக மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், வெளிப் பணிமனையை நாடினார் என்ற ஒரே காரணத்தால் உத்தரவாதத்தை முழுமையாக நீக்கும் பொதுவான நிபந்தனையை விதிக்கக்கூடாது என்றும் கூறியது. அதேவேளை, வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்திற்குப் பொறுப்பேற்காதிருக்க உற்பத்தியாளருக்கு இடமளித்தது. அபராதத் தொகை மேல்முறையீட்டுக்கு உள்ளானது. ஐக்கிய அமெரிக்காவின் 1975 ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டமும் ஏறத்தாழ இதே நிலைப்பாட்டைக் கொண்டது. வெளியில் எண்ணெய் மாற்றியதற்கான ரசீது, எண்ணெயின் தரக்குறியீடு, அன்றைய ஓட்டத் தொலைவு ஆகியவை எழுத்தில் இல்லாவிடில் இவ்வாதம் எடுபடுவது கடினம்.

வெள்ள நீர்

காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் பொறி இயக்கப்பட்டால், மேலெழும் பிஸ்டன் அந்நீரில் மோதி இணைப்புத் தண்டு வளையும் அல்லது முறியும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களில் இது பெரும் சிக்கலானது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களையும் தாக்கியது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு வடகிழக்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்து, சாலையோரம் நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டன.

வெள்ளச் சேதம் உற்பத்திக் குறையன்று; ஆகவே உத்தரவாதத்தில் அடங்காது. விரிவான காப்பீடு வெள்ளத்தை உள்ளடக்கினாலும், நீர் புகுந்த பின் சாவியைத் திருகியதால் பொறி முறிந்தால் அது ‘பின்விளைவு இழப்பு’ எனப்பட்டு மறுக்கப்படுவதுண்டு. இதற்கெனத் தனியாகப் பொறிப் பாதுகாப்புச் சேர்க்கை விற்கப்படுகிறது. நீரில் நின்ற வாகனத்தை இயக்கிப் பார்க்காமல் இழுவை வண்டியில் ஏற்றுவதே பொறியையும் காப்பீட்டு உரிமையையும் ஒருங்கே காக்கும்.

ஆதாரம்

மறுப்பு எழுத்தில் பெறப்படுதல் வேண்டும். பணிமனை மேலாளர் வாய்மொழியாகக் கூறிய காரணம் வழக்கில் வேறொன்றாக மாறிவிடலாம். வாகனம் ஒப்படைக்கப்பட்ட நாளின் ஜாப் கார்டில் உரிமையாளர் சொன்ன குறை, ஓட்டத் தொலைவு, எரிந்த எச்சரிக்கை விளக்கு ஆகியவை பதிவாகியிருத்தல் நலம்.

பொறியைப் பிரிக்கும் தருணமே மிக முக்கியமானது. பிரித்துக் கழுவிய பின் எண்ணெயின் நிலை, துகள்கள், அடைப்பு இருந்த இடம் ஆகிய தடயங்கள் அழிந்துவிடும். பிரிப்பதற்கு முன் எண்ணெய் மாதிரியும் எண்ணெய் வடிகட்டியும் முத்திரையிட்டு வைக்கப்படுவதும், இரு தரப்பார் முன்னிலையில் ஒளிப்படத்துடன் பிரிக்கப்படுவதும் முறையாகும். பிரிப்பதற்கு ஒப்புதல் கேட்டுத் தரப்படும் படிவத்தில் பலர் படிக்காமலேயே கையொப்பமிடுகின்றனர்; உத்தரவாதம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலியை உரிமையாளரே தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கக்கூடும்.

உற்பத்திக் குறையை மெய்ப்பிக்கும் பொறுப்பு பொதுவாக முறையீட்டாளரையே சாரும். தக்க சோதனையின்றிக் குறையைக் கண்டறிய இயலாதபோது பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பச் சட்டத்தின் 38 ஆம் பிரிவு வழிசெய்கிறது. இதனை முறையீட்டாளர் தொடக்கத்திலேயே கோர வேண்டும்.

முறையீடு

2021 டிசம்பரில் வெளியான விதிகளின்படி, செலுத்திய விலை 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள முறையீடுகள் மாவட்ட ஆணையத்தில் ஏற்கப்படும். விலை 5 இலட்சம் வரையானால் கட்டணம் இல்லை. 10 இலட்சம் வரை 200 ரூபாயும், 20 இலட்சம் வரை 400 ரூபாயும் செலுத்த வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பூசல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகச் சமரசம் முயலலாம். ஆனால் அம்முயற்சி நீண்டுகொண்டே போனால் 2 ஆண்டுக் கெடு நின்றுவிடாது.

வாடகை வண்டி ஓட்டுநர்கள் தம்மை நுகர்வோராகக் கருத மாட்டார்கள் என அஞ்சுவதுண்டு. கோயம்புத்தூர் பி.எசு.ஜி. தொழில் நிறுவனம் தொடர்பான வழக்கில் 1995 இல் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரத்திற்காக ஆட்டோ ரிக்சாவை வாங்கித் தாமே ஓட்டுபவரும் நுகர்வோரே என விளக்கியது.

2019 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற புதிய அத்தியாயம் உள்ளது. பெயரைக் கண்டு அதன் கீழ் முறையிடுவோர் ஏமாற்றமடைவர். அவ்வத்தியாயம் பொருளால் ஆளுக்கோ பிற உடைமைக்கோ விளைந்த தீங்கைப் பற்றியது. பொருளுக்கே நேர்ந்த சேதத்தை வெளிப்படையாக விலக்குகிறது. பொறி பழுதடைந்தமைக்கு ‘பொருளில் குறை’, ‘சேவைக் குறைபாடு’ என்ற பழைய தலைப்புகளே பொருந்தும்.

தீர்வின் அளவு

புதிய வாகனமோ முழு விலையோ கோருவது வழக்கம். கிடைப்பது பெரும்பாலும் அதனினும் குறைவு. மாருதி உத்யோக் வழக்கில் 2006 இல் உச்ச நீதிமன்றம், உத்தரவாதத்தின்படி உற்பத்தியாளரின் கடமை குறையுள்ள பாகத்தைச் சீர்செய்வது அல்லது மாற்றுவது மட்டுமே எனவும், முழு வாகனத்தையும் மாற்ற ஆணையிட்டது சரியன்று எனவும் தீர்ப்பளித்தது. 2010 நவம்பரில் ஃபியட் இந்தியா வழக்கில் அந்நீதிமன்றம், புதிய பொறி பொருத்தப்பட்டுவிட்டதைக் கருத்தில் கொண்டது. எனினும், சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் உள்ளார்ந்த உற்பத்திக் குறை உண்டெனக் கண்டால், விலையும் வாழ்நாள் வரியும் 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தரப்பட வேண்டும் என்றது. வல்லுநர் அறிக்கை ஒன்றே இவ்விரு விளைவுகளையும் பிரித்தது.

மாவட்ட ஆணையத்தின் முடிவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் செலுத்துமாறு ஆணை பெற்ற தரப்பு, அத்தொகையில் பாதியை முதலில் வைப்பாகச் செலுத்தினால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும்.